ஐயுறும் வாசகர்: விமான நிலையச் சோதனையை எழுதிய மூன்று படைப்புகள்

2001 செப்டம்பருக்குப் பின் எழுந்த ஆங்கிலப் புனைவுகளிலும் திரைப்படங்களிலும் விமான நிலையம் அடிக்கடி இடம்பெறும் களமாகும். பெயர், தோல்நிறம், தாடி, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு ஒரு பயணி வரிசையிலிருந்து விலக்கி அழைத்துச் செல்லப்படும் காட்சி அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றுட் பலவும் ஒரே தடத்தில் செல்பவை: குற்றமற்றவன் ஐயுறப்படுகிறான், அவன் குற்றமற்றவன் எனப் படைப்பு மெய்ப்பிக்கிறது, நாம் அவனுக்காக இரங்குகிறோம். இந்த இரக்கத்தில் ஒரு சிக்கல் உள்ளது. தன்னை மெய்ப்பித்துக் காட்டும் கடமை பயணிக்கே உரியது என்னும் சோதனை அலுவலரின் எடுகோளை அது அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மோசின் ஹமிதின் ‘தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்’ நாவல் (2007), அதைத் தழுவி மீரா நாயர் இயக்கிய திரைப்படம் (2012), அப்படத்தின் நாயகன் ரிஸ் அகமது எழுதிய ‘ஏர்போர்ட்ஸ் அண்ட் ஆடிஷன்ஸ்’ கட்டுரை (2016) ஆகியவற்றை அருகருகே வைத்து நோக்கும்போது இச்சிக்கல் துலங்குகிறது.

இந்த எடுகோள் தனி அலுவலர்களின் மனப்போக்கு மட்டுமாக இருந்ததில்லை. அமெரிக்கா 2002இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தில் 25 நாடுகளைச் சேர்ந்த ஆடவர் குறிவைக்கப்பட்டனர். வடகொரியாவைத் தவிர ஏனையவை இசுலாமியர் மிகுதியாக வாழும் நாடுகள். பாகிஸ்தானும் அவற்றுள் ஒன்று. 80,000க்கும் மேற்பட்டோர் பதிந்தும் அத்திட்டத்தின் வழியாகப் பயங்கரவாதக் குற்றத்திற்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2011இல் நிறுத்தப்பட்ட அத்திட்டத்தின் விதிகள் 2016 டிசம்பரில்தான் முற்றாக நீக்கப்பட்டன. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையோ, குறிப்பிட்ட ஐயம் ஏதும் இல்லாமலே பயணியை நிறுத்தி விசாரிக்க இடமளிக்கிறது. ஐயத்திற்குக் காரணம் காட்டவேண்டிய தேவை அலுவலருக்கு இல்லாதபோது, ஐயத்தை நீக்கும் பொறுப்பு முழுவதும் எதிரே நிற்பவர் தலையில் விழுகிறது.

ஹமிதின் கதைத்தலைவன் சங்கேஸ் லாகூரில் பிறந்தவன், பிரின்ஸ்டனில் பயின்றவன், நியூயார்க்கில் நிறுவனங்களின் மதிப்பைக் கணக்கிடும் பணியில் இருப்பவன். பணி நிமித்தமாக மணிலாவில் தங்கியிருந்தபோது இரட்டைக் கோபுரங்கள் வீழ்வதைத் தொலைக்காட்சியில் காண்கிறான், தன்னையறியாமல் புன்னகைக்கிறான். நாடு திரும்பும் வழியில் மணிலா விமான நிலையத்தில் தனியறைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உள்ளாடை தவிர மற்றவற்றைக் களையுமாறு பணிக்கப்படுகிறான். அவ்வுள்ளாடையில் பொம்மைக் கரடிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைக் கண்டும் அலுவலர் முகத்தில் எவ்வகை இளக்கமும் இல்லை. விமானத்தினுள் கடைசியாக நுழையும் அவனைப் பிற பயணிகள் கலக்கத்துடன் நோக்குகின்றனர். இயல்பாக இருப்பதாகக் காட்ட முயன்று மேலும் விறைத்துப் போகிறான். நியூயார்க்கில் உடன் பணியாற்றுவோர் குடிமக்கள் வரிசையிலும் அவன் அயலார் வரிசையிலும் பிரிகின்றனர். விசாரணை முடிந்து வெளிவரும்போது அவனுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. சகபணியாளரின் இந்த இன்மையை நாவல் ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகிறது. என் வாசிப்பில், அலுவலரின் கேள்விகளைவிடக் கொடியது இதுவே.

இங்கே நிகழ்ச்சிகளின் அடுக்குமுறை கருதத்தக்கது. புன்னகை முன்னும் சோதனை பின்னுமாக வைக்கப்பட்டுள்ளன. அலுவலர் அறியாத ஒன்றை வாசகர் அறிந்திருக்கிறார். எனவே சங்கேஸுக்காக முழுமையாக இரங்கவும் அவருக்கு இயலவில்லை. புன்னகைத்தவனை ஆடை களையச் செய்தது முறைதானோ என்ற எண்ணம் ஒருகணமேனும் தோன்றவே செய்யும். அந்த எண்ணத்தைத் தோற்றுவிப்பதே ஹமிதின் நோக்கமாகத் தெரிகிறது.

நாவலின் வடிவமும் இதற்குத் துணைநிற்கிறது. லாகூரின் பழைய அனார்கலி கடைவீதியில், பெயர் சுட்டப்படாத ஓர் அமெரிக்கரிடம் சங்கேஸ் பேசிக்கொண்டே இருக்கிறான். அமெரிக்கரின் குரல் நேரடியாக நமக்குக் கேட்பதில்லை. ஒருவர் கூற்றாகவே முழுதும் அமையும் இவ்வடிவம் அகப்பாடல் பயின்றோர்க்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றுடன் கேட்போரையும் செய்யுள் உறுப்பாக எண்ணுகிறது. ஆனால் அகப்பாடலில் கூற்றுக்கு உரியவரின் சொல்லைப் பெரும்பாலும் நம்பியே வாசிக்கிறோம். ஹமிதின் நாவலில் சங்கேஸின் மிகைப்பணிவு, பரிமாறுபவனைப் பற்றிய விளக்கங்கள், இறுதியில் அமெரிக்கரின் சட்டைக்குள் மின்னும் உலோகம் என ஒவ்வொன்றும் நம்மை ஐயுறத் தூண்டுகின்றன. சங்கேஸ் தீவிரவாதியா, எதிரே இருப்பவர் உளவாளியா என்பதற்கு நாவல் விடை தருவதில்லை. தாடி, நாடு, பேச்சுமுறை ஆகியவற்றைத் தவிர வேறு சான்றின்றி விடைகாண முனையும் வாசகர் குடிவரவு அலுவலரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார்.

திரைப்படம் இந்த இருக்கையை அகற்றிவிடுகிறது. கடத்தப்பட்ட அமெரிக்கப் பேராசிரியர், உளவுத்துறைத் தொடர்புடைய இதழாளர் எனப் புதிய கதைப்பின்னல் சேர்க்கப்படுகிறது. கடத்தலில் சங்கேஸுக்குப் பங்கில்லை என்பதும் தீவிரவாதக் குழுவின் அழைப்பை அவன் மறுத்தான் என்பதும் தெளிவாக்கப்படுகின்றன. உடற்சோதனைக் காட்சி நாவலினும் கடுமையாகப் படமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் அதன் கூர்மை மழுங்கியே உள்ளது. இறுதியில் அவன் தூயவன் எனச் சான்றளிக்கப்படுவதால், தவறான ஆளைச் சோதித்துவிட்டனர் என்ற வருத்தமே பார்வையாளரிடம் எஞ்சுகிறது. கரண் ஜோஹரின் ‘மை நேம் இஸ் கான்’ (2010) இதே வழியில் இன்னும் நெடுந்தொலைவு செல்கிறது. அதன் நாயகன் வன்முறையைத் தூண்டும் ஒருவரை எஃப்.பி.ஐ.க்குக் காட்டிக்கொடுத்தும், வெள்ளத்தில் சிக்கிய ஊர்மக்களுக்கு உதவியும் தன் பெயருக்கு நற்சான்று ஈட்டவேண்டியுள்ளது. 2009இல் நியூவார்க் விமான நிலையத்தில் ஷாருக் கான் நிறுத்தப்பட்டபோது இந்தியாவில் எழுந்த கண்டனங்களிலும் ‘இவரையுமா?’ என்ற தொனியே ஓங்கியிருந்தது. புகழில்லாத ஒரு கான் நிறுத்தப்பட்டிருந்தால் என்னவென்று கேட்டவர் சிலரே.

ரிஸ் அகமதின் கட்டுரை இவ்விடத்தில் வேறுபடுகிறது. குவாண்டனாமோ கைதிகள் குறித்த படத்தில் நடித்து, பெர்லின் திரைப்பட விழாவிலிருந்து திரும்பியவர் லூட்டன் விமான நிலையத்தில் தடுத்து விசாரிக்கப்பட்டார். நடிப்புத் தேர்வும் விமான நிலையச் சோதனையும் ஒன்றையொன்று ஒத்தவை என்பது அவர் கருத்து: இரண்டிலும் முன்பின் அறியாதவர் நொடிப்பொழுதில் முடிவெடுக்கிறார், இரண்டிலும் எதிரே நிற்பவர் தமக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்ட வேடத்தை ஒட்டியோ வெட்டியோதான் நடிக்க முடியும். தாம் தூயவர் என நிறுவ அவர் முயல்வதில்லை. தீங்கற்றவனாகத் தோன்றுவதே ஒரு நடிப்பு என்பதை நகைச்சுவையுடன் வெளிப்படுத்துகிறார். சங்கேஸ் விமானத்தில் விறைத்துப்போனதற்கு இதைவிட நல்ல உரை கிடைத்தல் அரிது.

எனினும் பிரின்ஸ்டன் பட்டதாரி, திரைநாயகன், கட்டுரையாளர் ஆகிய அனைவரும் ஆங்கிலம் வசப்பட்டவர்கள். தம் கதையைத் தாமே சொல்ல வல்லவர்கள். நியூயார்க் விசாரணைக்காகக் காத்திருக்கும் சங்கேஸின் அருகில், அதே இரும்பு இருக்கையில், பச்சை குத்திய ஒருவன் கைவிலங்குடன் அமர்ந்திருக்கிறான். அவன் குற்றம் செய்தவனா இல்லையா என்று ஹமித் கூறவில்லை, சங்கேஸும் கேட்கவில்லை.