அடுப்படிக்குப் பின்னால் நாலடி

புது வீட்டு வரைபடத்தில் கார் நிறுத்த இடம் கேட்காதவர் இல்லை. அடுப்படிக்குப் பின்னால் நாலடி மண் கேட்பவர் குறைவு. வாழைக்கு அது போதும். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் அங்கேயே போய்ச் சேரும்.

கன்று தேர்வதில்தான் கைப்பக்குவம். அகல இலை விரித்துத் தளதளவென நிற்கும் நீர்க்கன்று கண்ணைப் பறிக்கும். ஆனால் தாய்க்கிழங்கோடு அதற்குப் பிடிப்பு குறைவு, குலையும் சிறுக்கும். அடி பருத்து, வாள்போல ஒடுங்கிய இலையோடு நிற்கும் ஈட்டிக்கன்றைத்தான் பெயர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அகல இலையில் மயங்குவது பெரியவர்கள்தான்.

ரகத்தில் நான் பூவன் கட்சி. பழம் மட்டுமா, இலை, பூ, தண்டு என எல்லாம் அடுப்படிக்கே திரும்பும். குலை வெட்டியபின் ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டுவைத்தால் அடுத்த குலை அதில்.