சிவப்பு மையும் ஏழு மதமும்

எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடக்கிற மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன ஆடி மாசம் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பெண் இப்படித் தொடங்கியிருந்தாள்: தேர் எங்கள் தெருவுக்கு வராது.

நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். ஓரத்தில் 'முன்னுரை எங்கே?' என்று எழுதினேன். 'வராது' என்ற சொல் அடுத்தடுத்து நாலு இடத்தில் வந்தது. நாலையும் வட்டம் போட்டுக் 'கூறியது கூறல்' என்றேன். 'சத்தம் மட்டும் வரும், மாடி மேல ஏறுனா வாணம் தெரியும்' என்ற இடத்தில் 'பேச்சு வழக்கு' என்று ஒரு கோடு. 'மறுநாள் அம்மா தேரடி கூட்டப் போவும். நானும் போவேன். அப்ப தேரத் தகரம் வெச்சி மூடியிருப்பாங்க.' இதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. மேற்கோள் இல்லை, உட்தலைப்பு இல்லை, முடிவுரை இல்லை. பத்துக்கு மூன்று.

நோட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அண்ணா, நா எழுதுனது பொய்யாண்ணா?"

தப்பா என்று கேட்கவில்லை. பொய்யா என்று கேட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. தமிழில் எம்.ஏ. படித்தவன், பத்து வருஷமாக மேடை மேடையாகச் சாதி ஒழிப்புப் பேசுகிறவன், ஒரு சேரிப் பிள்ளை முதன்முதலாகத் தன் ஊரைப் பற்றி எழுதிய உண்மையைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அடிக்கிற கையை எனக்குக் கொடுத்தது எது என்று யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் கட்டுரைக்கென்று எனக்குக் கொடுத்த சொற்கள் கொஞ்சம்தான். முன்னுரை, பொருளுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை, குறிப்புச் சட்டகம். நான் படித்த காலத்தில் தமிழ் இரண்டு தாள். இரண்டாம் தாள் கட்டுரைக்குக் கைடு வாங்கி மனப்பாடம் செய்தோம். தேர் ஆடி அசைந்து வரும் அழகை எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினோம். எங்களில் ஒருத்தன்கூட அந்த வடத்தைத் தொட்டதில்லை. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை, மார்க் போட்டார்கள்.

'தீண்டாமை ஒழிப்பு' என்றும் ஒரு கட்டுரை கைடில் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலின் முகப்பில் தீண்டாமையைப் பாவம் என்றும் பெருங்குற்றம் என்றும் மனிதத் தன்மையற்றது என்றும் சொல்கிற மூன்று வரிகளை அச்சடிப்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த வரிகளை இலக்கணப்படி பார்த்தால் என்ன? எழுவாய் தீண்டாமை. வினைமுதல் காணோம். செய்கிறவன் யார், யாருக்குச் செய்கிறான் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. கைடுக் கட்டுரையும் அப்படித்தான்: தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்டது, ஒழிக்கப்பட வேண்டும், களையப்பட வேண்டும். முழுக்கச் செயப்பாட்டு வினை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது, 1955இல் தண்டிக்கச் சட்டமும் வந்துவிட்டது, ஆனால் செய்தவன் பெயர் கட்டுரைக்குள் வருவதில்லை. எங்கள் பிள்ளையின் வாக்கியத்தில் வினைமுதல் இருக்கிறது. 'மூடியிருப்பாங்க.' யார் மூடினது என்று கேட்டால் ஊரில் விரல் நீட்டிக் காட்டலாம். நான் கேள்விக்குறி போட்டது அந்த இடத்தில்தான்.

பல்கலைக்கழகத்தில் இன்னும் பழைய சொற்கள் கிடைத்தன. நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குரிய பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று கணக்காகச் சொல்கிறது. கூறியது கூறல், மிகைபடக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் அங்கிருந்து வந்த குற்றங்கள்தாம். தமிழ் ஆசிரியன் கையிலிருக்கிற சிவப்பு மைக்கு வயசு எழுநூறுக்கு மேல். நம் பாட்டிகள் ஒப்பாரியில் ஒரே வரியை இருபது தடவை சொல்வார்கள். இழப்பு தீராததால் சொல் திரும்ப வருகிறது. தேர் நாலு வருஷம் வராவிட்டால் 'வராது' நாலு தடவை வந்தால் என்ன குற்றம்?

அதே பாயிரம் நல்லாசிரியனுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது முதலாவதாக வைப்பது குலன். கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும்போது எருமையையும் ஆட்டையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. எருமை மேய்த்த வீட்டிலிருந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. (எருமை குளத்தைக் கலக்கும் என்பதுதான் குறை. கலங்காத குளம் யாருடைய குளம் என்று வாத்தியாரைக் கேட்க அப்போது வாய் வரவில்லை.) பெயரியலில் தகுதி வழக்கு வருகிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். சேரியைக் காலனி என்றதும், நம்மை அரிசனர் என்று அழைத்ததும் இந்த இலக்கணப்படிதான். சுடுகாடு அங்கேயே இருக்கும். பெயர் மட்டும் நன்காடு.

இதோடு நிறுத்தினால், நன்னூலைக் கொளுத்து என்று எழுதி முடித்துவிடலாம். எளிது. இருபது வயசில் அப்படி எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதே பொதுப்பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒன்றும் இருக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது. மறுப்பது. முதலில் உடன்பட்டுக் கூடவே போய்ப் பின்னால் களைவது. தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது. இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது. பிறரோடு ஒட்டாமல் தன் மதம் கொள்வது. பவணந்தி சமணர். வாதம் செய்து பிழைத்த மரபு அவர்களுடையது, அதனால் வாதத்தின் கருவிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் பத்துக் குற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஏழையும் விட்டுவிட்டது ஏன்? அடங்குவதற்கு வேண்டியது குற்றப்பட்டியல். எதிர்த்துப் பேச வேண்டியது இந்த ஏழு. நம் பிள்ளைகள் கைக்கு முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான்.

இந்த வித்தைக்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் பாபாசாகேப் எழுதியது. 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். வயசு இருபத்தைந்து. எடுத்த எடுப்பில் சாதி கொடியது என்று அவர் கத்தவில்லை. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் நால்வரின் வரையறைகளையும் வரிசையாக எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது சரி, எது தவறு என்று பிரிக்கிறார். கேட்கரோடு கொஞ்ச தூரம் கூடவே நடக்கிறார். கலப்பு மணத் தடை, பிறப்பால் மட்டுமே உறுப்பினராவது என்று கேட்கர் சொல்கிற இரண்டு பண்பும் உண்மையில் ஒன்றுதானே என்று அங்கே பிடிக்கிறார். உடன்பட்டுப் போய்க் களைவது என்றால் இதுதான். பிறகு தன்னுடையதை நாட்டுகிறார்: அகமணமே சாதியின் சாரம். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அகமணத்தைக் காப்பாற்ற வந்தவை என்று அதை நிலைநிறுத்துகிறார். என் கொள்கை நிற்காது என்று காட்டினால் விட்டுவிடத் தயார் என்றும் சொல்லிவிடுகிறார். அவர் நன்னூல் படித்தவரில்லை. ஆனால் மேற்கோள் என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். கைடில் மேற்கோள் கும்பிடுவதற்கு. அவருக்கு அது பிடித்து உலுக்குவதற்கு.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அவர் முறையே வேறு. அங்கே வாதம் இல்லை, ஆறு பகுதிகள். நாலு தன் அனுபவம், இரண்டு மற்றவர்களுடையது. மசூர் ரயில் நிலையத்தில் நல்ல உடுப்புப் போட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள், மகார் என்று சொன்னதும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. பரோடா விடுதிக்குத் தடியோடு பார்சிகள் வருகிறார்கள். சாலிஸ்காவில் மகாரை ஏற்றி ஓட்டக் குதிரை வண்டிக்காரன் மாட்டேன் என்கிறான், ஓட்டத் தெரியாதவர் ஓட்டி வண்டி விழுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் செய்தவன் இருக்கிறான், இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆறாவது சம்பவம் முடிகிறது, எழுத்தும் முடிகிறது. முடிவுரை என்று தனியாக ஒன்று இல்லை. எங்கள் பிள்ளை எழுதியது எந்த வகை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பள்ளிக்கூடக் கட்டுரைச் சட்டகத்தில் சொல் கிடையாது. நான் சான்று என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "சான்று கீன்றுன்னு சொல்லிக் கொடுத்து அந்தப் புள்ள ஃபெயிலானா யாரு பொறுப்பு? முதல்ல மார்க்கு வாங்கட்டும்." நியாயமான பேச்சு. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முன்னுரை தேடுவார், உட்தலைப்புத் தேடுவார். நம் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் வேண்டாம் என்று சொல்கிற உரிமை, அதை வைத்து மார்க் வாங்கி வெளியே வந்த எனக்குக் கிடையாது. வட்டார வழக்கில் எழுதினால் போதும், அதுவே கலகம் என்று நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். உருவத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதை எதுக்குப் பயன்படுத்துவது என்பதில்தான் சண்டை. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது பண்டிதர் மொழியிலேயே பண்டிதர்களோடு மோதினார். அவர் எழுத்துகள் 1999இல் தொகுப்பாக வந்த பிறகும் என் எம்.ஏ. உரைநடை வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயர் வரவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நான் போட்ட மார்க் தப்பு என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதினோம். 'தேர் எங்கள் தெருவுக்கு வராது' என்பதை அப்படியே வைத்து மேலே 'முன்னுரை' என்று மட்டும் எழுதினோம். ஒரு கருத்தை நாட்டுவதற்கு அதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியாது. 'வராது' நாலும் இருந்தது. உட்தலைப்பு அவளே வைத்தாள்: சத்தம், வாணம், மறுநாள். 'போவும்' என்பதைப் 'போவார்' ஆக்கலாமா என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரும் என்றாள். ஆனாலும் பரீட்சைத் தாளுக்கு ஒன்று, எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒன்று என்று இரண்டாக எழுதி வைத்திருக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை 'மறுத்தல்' நடத்த வேண்டும். மறுப்பதற்கு ஒரு கட்டுரை தேடிக்கொண்டிருந்தேன். கைடில் இருக்கிற திருவிழாக் கட்டுரையையே எடுத்துக்கலாம்ண்ணா என்று சொல்லியிருக்கிறாள், கொண்டுவருவாள்.