டாஃபடில் பூவும் நவரைப் பட்டமும்

நடுநிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் பருவகாலம் என்றால் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று நான்கு. வசந்தத்துக்கு ஒரு பூ, பனிக்காலத்துக்கு ஒரு பனிமனிதன். சார்ட்டில் வரைந்து ஒட்டினால் பாடம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்துச் சேரிப் பிள்ளைக்கு இதில் எது சொந்தப் பருவம்?

இது இங்கிலீசே வேணாம்கிற வாதம் இல்ல. தன் பிள்ளையைக் கான்வென்ட்டுக்கு அனுப்பிவிட்டு நம்மிடம் தாய்மொழிப் பெருமை பேசுகிறவர்களை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆங்கிலம் நமக்கு வேணும். அந்த ஆங்கிலத்தில் எதைப் படிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதை 1807இல் அச்சேறியது. பிறகு காலனி நாட்டுப் பள்ளிகளில் மனப்பாடப் பாட்டானது. ஆன்டிகுவாத் தீவில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டின் ‘லூசி’ (1990) நாவலில், அந்தப் பூவைக் கண்ணால்கூடப் பார்க்காத சிறுமி பத்து வயதில் அதை ஒப்பித்துப் பாராட்டு வாங்குகிறாள். வளர்ந்து அமெரிக்காவில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனபோது, எஜமானியம்மா ஆசையாய் அந்தப் பூவைக் காட்டுகிறாள். லூசிக்கு அத்தனையையும் வெட்டிச் சாய்க்கணும்போல வருகிறது. பூ என்ன பாவம் செய்தது? ஒப்பிக்க வைத்தவர்கள் மேலுள்ள கோபம் அது.

அப்படியானால் டாஃபடிலை எடுத்துவிட்டு முல்லையை வைக்கலாமே என்பார்கள் தமிழாசான்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் நம்மிடம் உண்டுதான். ஆனால் கார்காலம் வந்ததும் தலைவனுக்காகக் காத்திருக்கும் அந்தத் தலைவி யார்? அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. அவர்களுக்கு இடம் கைக்கிளையும் பெருந்திணையும்தான் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். நாத்து நட்டவளுக்கு மழை உண்டு, காதல் கிடையாது. வெள்ளைக்காரன் பருவத்தை அகற்றி அந்த இடத்தில் இதை மட்டும் உட்கார வைத்தால், நம் பிள்ளை அப்போதும் வாசலுக்கு வெளியேதான் நிற்கும்.

செங்கல்பட்டுச் சீமையின் உழைப்பாளிக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் தை மாசத்து நவரைக்கு நடவு கிடைக்கும். நிரம்பாவிட்டால் கூலி இல்லை. படியாளாய் உழைத்த நம் பாட்டன் பாட்டி பருவத்தை வயிற்றால் அறிந்தவர்கள். இப்போது ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே கம்பெனி. பருவம் ஷிப்ட் ஆகிவிட்டது. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றதே, அதுவும் ஒரு பருவம் வந்து போனதுதான். இதை எந்தச் சார்ட்டில் ஒட்டுவது?

இலக்கியப் பாடத்துக்கும் நம்மிடம் ஆள் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலமாக்கினார். அதன் ஒரு பகுதி, அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஜிட்கலா-சாவின் பள்ளி நினைவோடு சேர்த்து, என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு ஆங்கில நூலில் இடம்பெற்றது. பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போகும் பெரியவரைப் பார்த்து மூன்றாம் வகுப்புச் சிறுமி சிரிக்கிறாள். அது ஏன் என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு அடங்குகிறது. சிறுமிக்கு நடந்ததைப் படிக்க 12ஆம் வகுப்புவரை ஏன் காத்திருக்கணும்? அவமானம் அதுவரை காத்திருக்கிறதா?

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலேயே பருவப் பாடத்தைப் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். எந்த மாசம் என்ன வேலை, என்ன கூலி, ஏரி எப்போது நிரம்பியது, யார் தெருவில் முதலில் தண்ணி ஏறியது என்று பிள்ளை கேட்டு வரட்டும். அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். சொர்ணவாரி, நவரை எல்லாம் அப்படியே ஆங்கில எழுத்தில் ஏறட்டும். ஏழில், எட்டில் பாமாவைப் படிக்கட்டும். அதற்குப் பிறகு டாஃபடிலையும் படிக்கட்டும், யாரோ ஒரு ஊர்க்காரன் தன் ஊர்ப் பூவைப் பற்றி எழுதியதாக.