சள்ளக்கெரே கம்பளி

தாம்பரத்தைச் சுற்றி மேயும் ஆடுகள் பெரும்பாலும் மெட்ராஸ் ரெட். கறிக்கு அருமையான இனம். உடம்பில் இருப்பதோ முடி, நூற்க ஆகாது. கம்பளிக்கு நாம் எல்லை தாண்டி, கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரேக்குப் போகலாம்.

அங்குள்ள தக்காணி ஆடு ஒன்று ஆண்டுக்கு ஒரு கிலோ ரோமம்கூடத் தராது. ஆகவே பல மந்தைகளின் ரோமம் சேர்ந்தால்தான் நெசவு நடக்கும். குறும்பர் நெசவாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. கத்தரித்த ரோமத்தை வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். பெண்கள் ராட்டையில் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி. அந்த விறைப்பு இல்லாமல் குழித்தறியில் இழை நிற்காது. சாயமே வேண்டாம், ஆட்டின் கறுப்பே கம்பளியின் கறுப்பு. ரோமத்தில் ஊறிய இயற்கைப் பிசுக்கு மழைநீரை உள்ளே விடாது. முதலில் குத்தும்தான். புழங்கப் புழங்க இதமாகிவிடும், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கடைத்தெருவில் கம்பளி என்று விற்பவற்றில் பல பாலியஸ்டர். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: ரோமம் முடி கருகும் வாடையோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகி மணியாய்த் திரளும்.