சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்: நியூயார்க் 'கஃபே தெஸ் ஆர்திஸ்த்' ஓவியங்கள் பற்றி ஒரு பார்வை

ஓட்டலுக்குப் போகிறவர் முதலில் இலையைப் பார்ப்பார், அப்புறம் பில்லைப் பார்ப்பார். சுவரைப் பார்க்கிறவர் அபூர்வம். கலைத் திறனாய்வாளர்களும் இதற்கு விதிவிலக்கு அல்லர். அருங்காட்சியகத்தில் தொங்கினால் கலை, சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கினால் அலங்காரம் என்று அவர்கள் நெடுநாளாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு சரிதானா என்று உரசிப் பார்க்க நல்ல உரைகல் ஒன்று உண்டு. நியூயார்க் மாநகரில் 1917 முதல் 2009 வரை நடந்த 'கஃபே தெஸ் ஆர்திஸ்த்' என்ற உணவகம்தான் அது. பெயர் பிரெஞ்சு, 'கலைஞர்களின் கஃபே' என்று பொருள். பாரிஸ் நகரத்து ஓவியர்கள் கூடிப் பேசிய கஃபேக்களை நினைவில் வைத்து அமெரிக்காவில் முளைத்த இடம்.

சமையலறை சுருங்கிய வீடுகள்

சென்ட்ரல் பார்க்கை ஒட்டி, மேற்கு 67ஆம் தெருவின் முதல் எண் கட்டடம் 'ஓட்டல் தெஸ் ஆர்திஸ்த்'. பெயரில்தான் ஓட்டல். உண்மையில் ஓவியர்கள் கூட்டுறவு முறையில் சேர்ந்து குடியிருப்பதற்காக 1917இல் கட்டிய அடுக்குமாடி வீடு. ஜார்ஜ் மோர்ட் பொல்லார்ட் என்பவர் அதை வடிவமைத்தார். இதற்கு முன்னோடியாக அதே தெருவில் 1903 முதலே ஓவியர்களுக்கான கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன.

ஓவியனுக்கு வேண்டியது உயரமான கூரையும், நாள் முழுக்க ஒரே சீராக விழும் வெளிச்சமும். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ள ஊர்களில் வடக்கு ஜன்னல் வழியே நேர்வெயில் ஏறக்குறைய வராது. பரவிய ஒளிதான் வரும். அதனால்தான் அங்கே ஸ்டூடியோ என்றாலே வடக்கு ஜன்னல். இரண்டு மாடி உயரத்துக்கு அறையைத் தூக்கிக் கட்டினவர்கள் சமையலறையில் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். குடியிருப்பவர்கள் காய்கறி, இறைச்சியைக் கீழே உள்ள பொதுச் சமையல்கூடத்துக்கு அனுப்புவார்கள். சமைத்த பண்டம் சின்னத் தூக்குப்பெட்டியில் மேலே வரும். அந்தக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடம்தான் நமது கஃபே. ஆக, கடை முதலில் பிறந்து வாடிக்கை பிறகு சேரவில்லை. வாடிக்கைக்காரர்கள் மாடியிலேயே இருந்தார்கள். அவர்கள் பசிக்காகக் கடை பிறந்தது. இதை மறந்துவிட்டு அந்தச் சுவரோவியங்களை மதிப்பிட முடியாது என்பது என் கட்சி.

கிறிஸ்டியும் அவருடைய பெண்களும்

மாடியில் குடியிருந்தவர்களில் ஒருவர் ஹோவர்ட் சாண்ட்லர் கிறிஸ்டி (1872–1952). ஒஹையோ மாநிலத்துக் கிராமத்துப் பிள்ளை. 1898இல் கியூபாப் போரைப் படம் வரையப் போய்ப் பெயர் வாங்கினார். பிறகு பத்திரிகைகளில் அவர் வரைந்த துடிப்பான இளம் பெண்ணுக்கு 'கிறிஸ்டி பெண்' என்றே பெயர் வந்துவிட்டது. முதல் உலகப் போரின்போது, 1917இல், கடற்படைச் சீருடை போட்ட பெண் ஒருத்தி ஆண்களைச் சீண்டிப் படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டி அவர் கைவண்ணம். 1921இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அழகிப் போட்டிக்கு நடுவரும் அவரே. 1940இல், அமெரிக்க அரசியல் சட்டம் கையெழுத்தான காட்சியை 20 அடிக்கு 30 அடி அளவில் வரைந்தார். வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தில் அது இன்னமும் தொங்குகிறது.

இந்த மனிதர் 1930களில், தாம் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தாமே உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்துக்கு, முப்பதுக்கும் மேற்பட்ட வனதேவதைகளை வரைந்தார். ஊஞ்சலாடுகிறவள் ஒருத்தி, கிளியோடு இருப்பவள் ஒருத்தி, நீரூற்றருகே கூட்டமாகச் சிலர். பெரும்பாலும் ஆடையற்ற உருவங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு மேனி. அந்த மேனியின் ஒளி தரைத்தளத்துக் கூடத்துக்கு விளக்கு ஏற்றின மாதிரி இருக்கும்.

கலை என்று பார்த்தால் குறை இல்லாமல் இல்லை. முகங்கள் எல்லாம் அக்காள் தங்கை போல ஒரே சாயல். உடலுக்குக் கனமே கிடையாது; தரையில் நிற்கிறார்களா மிதக்கிறார்களா தெரியாது. வயது, களைப்பு, கவலை எதுவும் எந்த முகத்திலும் படியவில்லை. பெண்ணைப் பார்த்து மகிழ வேண்டிய பொருளாகவே வைக்கும் பார்வை இது என்று இன்றைய வாசகி சொன்னால் மறுப்பதற்கில்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் வரைந்த படம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கோபம்கூட வரலாம்.

உடைந்த சுவரும் திரும்பிப் போன ஓவியமும்

அதே ஊரில் நடந்த இன்னும் இரண்டு சங்கதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மெக்சிகோ ஓவியர் தியெகோ ரிவேரா, ராக்ஃபெல்லர் சென்டர் சுவரில் வரைந்த பெரும் ஓவியத்தில் லெனின் முகத்தைச் சேர்த்தார். நீக்கச் சொன்னார்கள், மறுத்தார். 1934 பிப்ரவரியில் சுவரையே கொத்தி உடைத்துவிட்டார்கள்.

அடுத்தது மார்க் ரோத்கோ. சீக்ராம் கட்டடத்தில் திறக்கவிருந்த 'ஃபோர் சீசன்ஸ்' என்ற ஆடம்பர உணவகத்துக்காக 1958இல் அவரிடம் ஓவியங்கள் கேட்டார்கள். சாப்பிடுகிற பணக்காரர்களின் பசியைக் கெடுக்கும்படி வரையப் போவதாக அவர் ஒரு நண்பரிடம் பேசியதாகச் சொல்வார்கள். கடை திறந்தபின் மனைவியோடு ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஓவியங்களில் ஒன்பது, 1970இல் அவர் இறந்த அதே நாளில், லண்டன் டேட் கலைக்கூடம் வந்து சேர்ந்தன.

ரிவேரா அந்த இடத்தோடு சண்டை போட்டார், ரோத்கோ அந்த இடத்தை விட்டு விலகினார், கிறிஸ்டி அந்த இடத்தில் குடியிருந்தார். கலையின் ஆழம் என்று தராசில் நிறுத்தால் முதல் இருவர் பக்கம்தான் தட்டு இறங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் சுவரில் நிலைத்தது மூன்றாமவருடையது. யாரையும் நோகடிக்காததால்தானே நிலைத்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயம், பதிலின் பாதியும் அதுதான். மறுபாதி, தினம் தாம் சாப்பிடும் கூடத்துக்கும் பக்கத்து மேஜை மனிதர்களுக்கும் அவர் வரைந்தார் என்பது. மும்பை கொலாபாவில் மாண்டேகர் கஃபே சுவரில் மாரியோ மிராண்டாவின் கேலிச்சித்திரக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தப் படங்களைப் பெயர்த்துக் கலைக்கூடத்தில் வைத்தால் பாதி உயிர் போய்விடும்.

வயலினை வைத்துவிட்டு வந்தவர்

ஓவியம் தானாக நிலைப்பதில்லை. காப்பாற்ற ஆள் வேண்டும். 1975இல் கடையை ஏற்றவர் ஜார்ஜ் லாங். 1924இல் ஹங்கேரியில் பிறந்த யூதர். வயலின் கலைஞராகப் பயின்றவர். போர்க்காலத்தில் கட்டாய வேலை முகாமில் அடைபட்டார். பெற்றோர் இருவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1946இல் நியூயார்க் வந்தார். யாஷா ஹைஃபெட்ஸ் வாசித்ததைக் கேட்டபின், இந்த உயரத்தை நம்மால் தொட முடியாது என்று வயலினைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். 1971இல் ஹங்கேரிச் சமையல் பற்றி விரிவான நூல் எழுதினார்.

எண்ணிப் பாருங்கள்: ஹங்கேரிக்காரர், அமெரிக்காவில், பிரெஞ்சுப் பெயர்ப் பலகையின் கீழ், ஒஹையோக்காரர் வரைந்த கிரேக்கப் புராண தேவதைகளுக்கு நடுவே மேஜை போட்டார். இறைச்சியும் காய்கறியும் சேர்த்து மெல்லக் கொதிக்க வைக்கும் 'போத்-ஓ-ஃபெ' என்ற பிரெஞ்சு வீட்டுச் சாப்பாட்டைப் பரிமாறினார். பக்கத்து லிங்கன் சென்டர் இசைக்காரர்களும் ஏபிசி தொலைக்காட்சிக்காரர்களும் வாடிக்கையாக வந்தார்கள். இதில் எது அசல், எது நகல் என்று பிரிக்கப் புகுந்தால் விடியாது. மனைவி ஜெனிஃபர் லாங் துணையோடு முப்பத்து நான்கு ஆண்டு அந்தக் கூடத்தை அவர் நடத்தினார்.

பொருளாதார மந்தமும் தொழிற்சங்க வழக்கும் சேர்ந்து அழுத்த, 2009 ஆகஸ்டில் கடை மூடியது. தேவதைகளின் கதி என்ன என்று ஊர் கவலைப்பட்டது. 2011இல் அதே கூடத்தில் 'தி லெப்பர்ட் அட் தெஸ் ஆர்திஸ்த்' என்று ஓர் இத்தாலிய உணவகம் திறந்தது. பிரெஞ்சுச் சாப்பாடு போயிற்று, ஓவியங்களைத் துலக்கி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் லாங் காலமானார்.

கடைசியாக

தொண்ணூறு ஆண்டுக் கதையைச் சுருக்கினால் ஒன்று தெரிகிறது. உணவு மாறியது, முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது. மாறாதது சுவர். நடுத்தரமான ஓவியம்தான், ஆனாலும் மூன்று தலைமுறை அதன் கீழ் உட்கார்ந்து பிறந்தநாளும் கல்யாண நாளும் கொண்டாடியதால் அது ஊரின் நினைவாகிவிட்டது. அருங்காட்சியகம் தர முடியாத மதிப்பு இது. அதே சமயம், நினைவின் மதிப்பைக் கலையின் மதிப்பு என்று குழப்பிக்கொள்ளவும் கூடாது. இரண்டையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவதுதான் திறனாய்வின் வேலை.

ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் கட்டி, மண்டபம் கட்டி வாழும் நமக்கும் இதில் சேதி உண்டு. மண்டபம் கட்டும்போது கேன்டீனுக்கு இடம் விடுகிறோம், மேடைக்கு இடம் விடுகிறோம். சுவருக்கு மட்டும் கடைசி நாளில் பிரேம் போட்ட படம் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். நம் நடுவிலேயே வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சுவரைக் கொடுக்கலாம். முதல் படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வரைந்ததாக இருக்கும்.