விசில் ஊதாத வாத்தியார்

'கூடாது' என்றால் அதட்டல். 'வேண்டாம்' என்றால் அதில் கொஞ்சம் பரிவு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜான் கலியார்டி என்ற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளரின் விதிகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம்தான் எனக்கு ருசிக்கிறது.

மினசோட்டா மாநிலத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை, 60 சீசன்கள் அவர் பயிற்சி தந்தார். அவருடைய விதிகள் எல்லாமே வேண்டாம்கள். விசில் வேண்டாம். மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டாம். 90 நிமிடத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். ஆட வந்த எவனையும் தேறமாட்டான் என்று கழித்துவிட வேண்டாம். என்னை 'கோச்' என்று கூப்பிட வேண்டாம், 'ஜான்' போதும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு வேண்டாம் உண்டு. பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்ப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதற்கு டாக்கிள் என்று பெயர். பயிற்சியில் அதையே வேண்டாம் என்றுவிட்டார்! யார் எந்தப் பக்கம் பாய்வது, எதிராளியை எங்கே மறிப்பது என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். சாய்க்கிற கட்டம் வந்ததும் நின்றுகொள்வார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எலும்புகள் முழுசாக வந்து சேரும்.

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? 1943-இல் கொலராடோவின் டிரினிடாட் ஊரில் அவர் பள்ளி மாணவர். கோச்சை உலகப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியையே கலைத்துவிடலாமா என்று பள்ளி யோசித்தபோது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தார். வயது 16. பயிற்சி நடுவே தண்ணீர் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. தாகம் என்னவென்று முந்தின வாரம்வரை தொண்டையில் அறிந்திருந்த பையன், எல்லோரும் குடிக்கலாம் என்றான். பெரியவர்கள் மறந்துபோன பிறகு கோச் ஆகிறார்கள். இவர் மறப்பதற்கு முன்பே ஆகிவிட்டார். பிற்காலத்து வேண்டாம்கள் எல்லாம் அந்த ஒரு மடக்குத் தண்ணீரில் முளைத்தவை.

செயின்ட் ஜான்ஸில் அவர் காலத்தில் ஒரு விசித்திரமான 'உடற்பயிற்சி' இருந்தது. புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடப்பவனிடம் "இன்றைக்கு எவ்வளவு நல்ல நாள்!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தடித்தடியான பையன்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இதை மும்முரமாகச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள்.

விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டுத் தோற்றார்களா என்றால், இல்லை. மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் இதைத் தாண்டியவர் இல்லை. நான்கு முறை தேசியப் பட்டம். 2003 இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்று வந்திருந்த மவுண்ட் யூனியனை 24-6 என்று நிறுத்தினார்கள். விளையாட்டுக்கென உதவித்தொகை தராத கல்லூரிகளின் மூன்றாம் பிரிவில், படிக்க வந்த பையன்களை வைத்துக்கொண்டு!

2018-இல், 91 வயதில் மறைந்தார். அவர் பெயரில் 1993 முதல் ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறார்கள். சிறந்த கோச்சுக்குத் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரனுக்குத் தருகிறார்கள். 16 வயதில் அவர் நின்ற பக்கம் அதுதானே.