விடுகைப் பத்திரம் வாங்கும் முன்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பிள்ளையைச் சிங்கள மொழி மூலப் பாடசாலையில் சேர்க்கும் தாய் தகப்பனை, மொழியை விட்டுக்கொடுத்தவர்கள் என்று ஏசுவோர் உண்டு. அந்த ஏச்சு எனக்கு உடன்பாடல்ல. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் பொலிஸ் முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. ஆஸ்பத்திரித் துண்டை வாசித்துக்காட்ட ஆள் தேடி அலைந்த தாய், அந்த அலைச்சல் தன்னோடு போகட்டும் என்றே நினைக்கிறாள். இன்னொன்று: 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன, 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அந்தப் பிந்தலின் தழும்பு, உயர்தரக் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடாக இன்றும் தெரிகிறது.

பலன் இல்லாமலும் இல்லை. சிங்களம் விளையாட்டிலேயே பிள்ளையின் வாயில் ஏறிவிடுகிறது. பிரதேச செயலகத்தில் தகப்பனுக்கு வராத பேச்சு மகளுக்கு வருகிறது.

இழப்பு மெதுவாகத்தான் தெரியும். பாட்டி சொல்வது பிள்ளைக்கு விளங்கும். ஆனால் பாட்டிக்கு வந்த கடிதத்தைப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. கொழுந்து பறித்து வந்த தாய் வீட்டுப்பாடத்தைப் புரட்டினால், ஓர் எழுத்தும் அவளுக்குப் பிடிபடாது. சைவநெறி ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளை பௌத்த பாடத்தில் உட்காருகிறது.

இதை உலகம் பாராட்டும் மொழி அமிழ்வுக் கல்வியோடு ஒப்பிடுவது தவறு. 1965இல் கனடாவின் செயின்ட் லம்பேர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் போராடிப் பெற்ற பிரெஞ்சு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுமே பிரெஞ்சு தெரியாமல் வந்தவர்கள். ஆசிரியர் அதற்கேற்பக் கற்பித்தார். இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் பாடமாயிற்று. அங்கே ஒரு மொழியோடு இன்னொன்று கூடியது. நம் பிள்ளையோ, வீட்டிலேயே சிங்களம் பேசி வந்தவர்களின் வேகத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. அதன் தமிழைக் கட்டிக்காக்க அந்தப் பாடசாலையில் யாருமில்லை. இரண்டாம் தேசிய மொழியாக 6ஆம் தரத்தில் வரும் தமிழ், தமிழே தெரியாத பிள்ளைக்கென எழுதப்பட்டது.

அப்படியானால் பிள்ளையைச் சிங்களப் பாடசாலையிலிருந்து விலக்கிவிடலாமா? என் கணிப்பில், தரம் 3க்குள் என்றால் தயங்கவேண்டாம். எழுத்துக் கூட்டும் வயது இன்னும் கடக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரத்தில் மாற்றினால் இரண்டு மொழியும் அரைகுறையாகும். சாதாரண தரத்தை எட்டிய பிள்ளையை அசைக்கவே கூடாது. அதற்குத் தேவை வீட்டிலோ கோயிலிலோ நாளுக்கு அரைமணித் தமிழ் எழுத்து.

மாற்றுவதென்று தீர்மானித்தவர்கள், விடுகைப் பத்திரம் கேட்கும் முன் தமிழ்ப் பாடசாலை அதிபரைப் பார்த்துக் கேட்கவேண்டும்: இங்கே சிங்களம் கற்பிப்பவர் யார், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, பிள்ளைகள் வாய்திறந்து பேசுகிறார்களா, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரியா? பதில் திருப்தியில்லை என்றால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இந்த மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கத்தான் கட்டப்பட்டது. சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் பேசவைக்கத் தெரிந்தவர்களை அங்கிருந்து கேட்டுப் பெறும் உரிமை இந்தப் பெற்றோருக்கு உண்டு.